அப்பாவின் உள்ளங்காலில் ஆறாத புண், எந்த ஆயின்மென்ட் போடலாம்?

நெசவுத்தெரு | ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிறவள்தான், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 58, ஊர் சேலம், சுகர் வந்து 14 வருடம் ஆகிறது. ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன், பட்டு செக்‌ஷன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு, முகூர்த்த சீசனில் பதினொன்றும் ஆகும். புடவை விரிக்கிற வெள்ளை மெத்தையில் செருப்போடு ஏறக்கூடாது என்பதால் முப்பது வருடமாக வெறுங்காலில் நிற்கிற மனிதர். வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு மிளகு அளவுக்கு ஓட்டை மாதிரி புண். எங்களுக்கு அது தெரிந்ததே அம்மா பாயை உதறும்போது கறையைப் பார்த்துத்தான். கேட்டால் "எதுவும் வலிக்கலையே, எப்ப வந்துச்சுன்னே தெரியலையே" என்கிறார்.

இது நடந்து 24 நாள் ஆகிவிட்டது. மெடிக்கலில் சொல்லி ஒரு ஆயின்மென்ட் வாங்கிப் போட்டோம், பிறகு அவர்களே வேறொன்று கொடுத்தார்கள். தினமும் ராத்திரி சுடுதண்ணீரில் டெட்டால் விட்டு காலை ஊற வைக்கிறார். பாட்டி சொல்லி மஞ்சளும் வைத்தோம். சுற்றியுள்ள தோல் வெள்ளையாகத் தடித்துப் போயிருக்கிறதே தவிர ஓட்டை மூடவில்லை. வெறும் வயிற்றில் 190 இருக்கிறது, மூன்று மாத சராசரி (HbA1c) 9.4. இதற்கு நல்ல ஆயின்மென்ட் யாராவது சொல்லுங்களேன்.

கட்டுத்துணி | ஞாயிறு, இரவு 10:41

கண்ணு, நான் அரசு ஆஸ்பத்திரியில் 19 வருடமாக டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கிற நர்ஸ். ஆயின்மென்ட் பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பதிவில் என்னைப் பயமுறுத்துவது 9.4 இல்லை, "வலிக்கலையே" என்கிற அந்த ஒரு வார்த்தைதான்.

இன்று ராத்திரியே நிறுத்த வேண்டியவை: சுடுதண்ணீர் வேண்டாம், ஊற வைப்பதே வேண்டாம். அவர் காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோனாலும் சொல்ல மாட்டார். ஊற ஊறத் தோல் நைந்து கிருமிக்கு வழிதான் பெரிதாகும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் புண்ணுக்குள் போகக் கூடாது, அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர்கிற சதையையும் கொல்லும். மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும், அதை ஊற்றிக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்து, இறுக்காமல் கட்டு. பஞ்சை நேராகப் புண்மேல் வைக்காதே, நார் உள்ளே ஒட்டும்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரி. அடுத்த ஞாயிறு லீவில் இல்லை, நாளைக்கே. சுகர்காரர் உள்ளங்காலில் ஓட்டை என்றால் ஒரு நாளைக்குள் பார்க்க வேண்டும், நீங்கள் 24 நாள் கொடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல், காலில் நாடி ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்.

இதற்குப் பதில் சொல்: நாற்றம் உண்டா? பாதம் வீங்கியிருக்கிறதா? சிவப்பு புண்ணைத் தாண்டி இரண்டு விரற்கடைக்குப் பரவியிருக்கிறதா? எங்காவது கறுத்திருக்கிறதா? காய்ச்சல், குளிர் நடுக்கம்? சுகர் இந்த ஒரு வாரத்தில் காரணமில்லாமல் ஏறியதா? பீடி, சிகரெட்? நாற்றம், கறுப்பு, பரவுகிற சிவப்பு, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு ஆட்டோ கூப்பிடு.

நெசவுத்தெரு | ஞாயிறு, இரவு 10:58

நாற்றம் இல்லை அக்கா. காய்ச்சல் இல்லை. லேசாக வீக்கம் இருக்கிற மாதிரி, இடது கால் செருப்பு லூசாகவும் வலது இறுக்கமாகவும் இருக்கிறது. சுகர் முன்பு 150, 160 என்றுதான் இருந்தது, இந்த இரண்டு வாரமாகத்தான் 190. பீடி விட்டு எட்டு வருடமாகிறது. ஆனால் புதன்கிழமை வரை முகூர்த்தக் கூட்டம், அது முடிந்துதான் வருவேன் என்கிறார்.

கட்டுத்துணி | ஞாயிறு, இரவு 11:02

காய்ச்சல் இல்லாததை நம்பாதே. சுகர்காரர்களுக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் பல நேரம் காய்ச்சல் வராது, சுகர் ஏறுவது ஒன்றுதான் அடையாளம். புதன்கிழமை எல்லாம் இல்லை.

கிரிவலம்77 | ஞாயிறு, இரவு 11:30

தங்கச்சி, உங்கள் அப்பாவிடம் என் கதையைச் சொல்லுங்கள். 2016 சித்திரையில் திருவண்ணாமலை கிரிவலம் போனேன், 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரி எல்லோரும் நடப்பார்கள், கூட்டத்துக்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று நான் புத்திசாலித்தனமாக மதியம் மூன்று மணிக்கே கிளம்பினேன், செருப்பில்லாமல். கூட வந்த நான்கு பேரும் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நிழல் தேடி ஓடினார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அண்ணாமலையார் அருள் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். மறுநாள் குளிக்கும்போது சோப்பு நுரை சிவப்பாக ஓடியது. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம், இடது கால் தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது.

அப்போதும் நான் போனது மெடிக்கலுக்குத்தான். மூன்று வாரம் கழித்து இரண்டு விரல் எடுத்தார்கள். எடுத்தபோதும் பெரிதாக வலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிக்காததை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்ததுதான் முதல் தப்பு.

மூலிகைப்பித்தன் | திங்கள், காலை 6:15

எல்லோரும் கத்தி, ஊசி என்று பயமுறுத்துகிறீர்கள். சர்க்கரைப் புண்ணுக்கு நம்மிடம் மத்தன் தைலம் இருக்கிறது, ஊமத்தை இலைச் சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சுவது, சித்த மருத்துவத்தில் காலகாலமாக இருப்பது. விரலை எடுக்க வேண்டும் என்று சொன்ன கால்கள் எத்தனையோ ஆறியிருக்கின்றன. ஆவாரம் இலையும் அரைத்துக் கட்டலாம். முயற்சி செய்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி போங்கள்.

கட்டுத்துணி | திங்கள், காலை 6:50

மூலிகை ஐயா, மத்தன் தைலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மேலோட்டமான புண், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் காலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார் என்றால் நான் குறுக்கே வரப்போவதில்லை. சண்டை உங்கள் கடைசி வரியோடுதான். "முயற்சி செய்து பார்த்துவிட்டு" என்கிற அந்த இரண்டு வாரத்தில்தான் கால் போகிறது. ஓட்டைக்கு அடியில் எலும்பு தெரிகிறதா, சீழ் இருக்கிறதா, ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மூடி போட்ட பானைக்குள் என்ன வேகிறது என்று தெரியாமல் மேலே தைலம் ஊற்றி என்ன ஆகும்? நீங்கள் சொல்கிற சித்த மருத்துவரும் முதலில் எக்ஸ்ரேதான் கேட்பார், நல்லவராக இருந்தால்.

ஆவாரம் இலை அரைத்த அம்மி, அதைத் தொட்ட கை, இதையெல்லாம் யார் சுத்தம் செய்தது?

மூலிகைப்பித்தன் | திங்கள், காலை 7:20

எக்ஸ்ரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரி, முதலில் பார்க்கட்டும்.

நெசவுத்தெரு | செவ்வாய், இரவு 9:45

கூட்டிப்போய்விட்டோம். அம்மா நேற்றுக் காலையில் சாப்பாட்டுக்கூடையைக் கொடுக்க மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டார், அவ்வளவுதான், வேறு தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது தெரியுமா? பாதி குண்டூசி! புடவை மடிப்பில் குத்துவார்களே, அந்த ஊசி. உடைந்து சாய்வாக உள்ளே நிற்கிறது. மெத்தையில் எப்போதும் நாலு ஊசி கிடக்கும், என்றைக்கு ஏறியதோ. மற்றவர்களுக்குக் குத்தினால் "ஆ" என்று காலைத் தூக்கிவிடுவார்கள், இவர் அதன்மேலேயே ஒரு மாதம் நின்று வியாபாரம் செய்திருக்கிறார்.

டாக்டர் முனை மழுங்கிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார், எலும்பில் தட்டவில்லை, அது நல்ல சேதியாம். எலும்பில் கிருமி ஏறியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதனால் மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தார்கள், 0.9க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் அடைப்பு என்று அர்த்தமாம், அப்பாவுக்கு 1.0 வந்தது. ஆனால் சுகர்காரர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு நல்லதாகவே காட்டி ஏமாற்றும் என்பதால் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள், ஓட்டம் இருக்கிறது. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி நைலான் இழை மாதிரி ஒன்றால் பத்து இடத்தில் தொட்டார்கள், 10 கிராம் அழுத்தமாம், இரண்டு இடத்தில்தான் "ம்" என்றார். தொடாத இடத்திலும் ஒரு தடவை "ம்" என்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊசியை எடுத்து, சுற்றியிருந்த தடித்த தோலைச் சீவி, சீழை வெளியேற்றினார்கள். டிடி ஊசி போட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறும் வரை மாத்திரையோடு இன்சுலினும். காரணம் தெரிந்துவிட்டது, இனி ஆறிவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகக் கட்டுத்துணி அக்காவுக்கு.

கிரிவலம்77 | செவ்வாய், இரவு 10:05

குண்டூசியா! நான் காலாணி என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, மெடிக்கலில் கார்ன் கேப் ஒட்டாமல் விட்டீர்கள், அதில் இருக்கிற அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் ஆரம்பித்தார்.

பழைய_பிசியோ | புதன், காலை 11:10

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், வேலூர்ப் பக்கம். நன்றி சொல்லி இழை முடிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் எனக்கு முடிந்த மாதிரி தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் கூட இருந்தவர்களும் பொறுமையாகப் பார்த்ததில் அப்படி இல்லை என்று தெரிந்தது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், துருப்பிடித்த பூட்டைத் தோல் கிழியும் வரை திருகுகிறார்கள், தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் எழுந்திருப்பதில்லை. எலிக்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள், கதை இல்லை, நிஜம். சிரிக்காதீர்கள், மரத்த காலோடு தரையில் படுக்கிற சர்க்கரை நோயாளிகளுக்கு இன்றைக்கும் எலிக்கடி வருகிறது.

அங்கே நாங்கள் கற்ற பாடம் அப்படியே சர்க்கரை நோய்க்கும் பொருந்தும். உங்களுக்கோ எனக்கோ காலில் முள் குத்தினால் என்ன செய்கிறோம்? நொண்டுகிறோம். நாலு நாள் அந்த இடத்தைத் தரையில் படவிடாமல் விரலை மடக்கி, குதிகாலை ஊன்றி நடக்கிறோம், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புண் ஆறுவது அந்த நொண்டலால்தான். நாம் நன்றியை ஆயின்மென்டுக்குக் கொடுக்கிறோம். வலி போன கால் நொண்டாது. ஒவ்வோர் அடியிலும் முழு உடம்புப் பாரமும் அதே ஓட்டையின்மேல் இறங்கும், முந்தின ராத்திரி வளர்ந்த சதையை மறுநாள் காலையிலேயே மிதித்து நசுக்கும்.

அதனால் என் கேள்வி ஒன்றுதான். குண்டூசி வந்துவிட்டது. உங்கள் அப்பா நொண்டுகிறாரா?

நெசவுத்தெரு | புதன், பிற்பகல் 1:30

ஐயா, ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் சாதாரணமாகத்தான் நடக்கிறார்.

வல்வை_டொரண்டோ | வியாழன், காலை 7:05

எங்கட அப்பாவுக்கும் சலரோகம், கனடாவில் இருக்கிறம். இங்கே வெறுங்காலும் தார் ரோடும் இல்லை, ஆனால் வேறு ஒன்று இருக்கு. குளிர் நாளில் வெளியில் போய் வந்து காலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தவர், அப்படியே நித்திரையாகிப் போனார். எழும்பிப் பார்த்தால் குதிக்கால் வெந்து கிடக்கு. கார் ஹீட்டர், ஹாட் வாட்டர் பாக், எல்லாம் ஒரே கதைதான். இங்கே கிரோபடிஸ்ட் என்று காலுக்கென்றே படித்தவர்கள் இருக்கினம், நகம் வெட்டுவதும் தடித்த தோலைச் சீவுவதும் அவர்களிடம்தான். நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்டச் சொல்லுவினம். அங்கே அப்படி ஆட்கள் இல்லாவிட்டால் வீட்டில் யாராவது செய்யுங்கோ, அவரை பிளேட் எடுக்க விடாதேங்கோ.

மாவுமில் | வியாழன், இரவு 8:40

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குச் சுகர் 20 வருடம். பத்து நாளாக இடது பாதம் மட்டும் நல்ல வீக்கம், சூடாகவும் இருக்கிறது, லேசாகச் சிவப்பு. புண் எதுவும் இல்லை. வலியும் பெரிதாக இல்லை. பக்கத்து கிளினிக்கில் யூரிக் ஆசிட் என்று மாத்திரை கொடுத்தார்கள், சுளுக்கு என்று ஒருவர் உருவியும் விட்டார். இதுவும் இந்த வகையா?

கட்டுத்துணி | வியாழன், இரவு 8:52

உருவுவதை நிறுத்துங்கள். அம்மாவை நடக்கவே விடாதீர்கள், கழிவறைக்குக்கூடத் தாங்கிப் பிடித்தோ சக்கர நாற்காலியிலோ. புண் இல்லாமல், ஒரு பாதம் மட்டும் வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் சார்க்கோட் என்று ஒன்று இருக்கிறது. எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும், நரம்பு செத்திருப்பதால் வலி குறைவாகத் தெரியும், நடக்க நடக்கப் பாதத்தின் வளைவு உடைந்து படகு மாதிரி ஆகிவிடும். அது இல்லாமல் கிருமியாகவும் இருக்கலாம், கால் ரத்தக்குழாயில் உறைகட்டியாகவும் இருக்கலாம். எதுவென்று இங்கிருந்து சொல்ல முடியாது, மூன்றுமே காத்திருக்கக் கூடியவை இல்லை. நாளைக்கே எக்ஸ்ரே. முதல் எக்ஸ்ரே நார்மலாகவும் வரலாம், அப்படி வந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

மாவுமில் | சனி, மாலை 5:15

சார்க்கோட்தான். பிளாஸ்டர் (மாவுக்கட்டு) போட்டுவிட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். வளைவு இன்னும் உடையவில்லையாம். வேறென்ன சொல்வது அக்கா.

நெசவுத்தெரு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

மறுபடியும் நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தினமும் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாட்டிக் முடிந்தது, சீழ் இல்லை, இரண்டாவது எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, சுகர் வெறும் வயிற்றில் 130க்கு வந்துவிட்டது. எல்லாமே சரியாக இருக்கிறது, ஓட்டை மட்டும் அதே அளவில் இருக்கிறது. ஒரு நாள் மூடுகிற மாதிரி தெரிகிறது, மறுநாள் ஓரத்தில் வெள்ளையாகத் தடித்துப் போகிறது.

விஷயம் என்னவென்றால் எட்டாம் நாளே கடைக்குப் போய்விட்டார். கேட்டால், "நான் எங்கம்மா நடக்கிறேன், நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்" என்கிறார்.

பழைய_பிசியோ | ஞாயிறு, இரவு 9:55

நிற்பதும் மோசம்தான். நடக்கும்போதாவது கால் மாறி மாறித் தரையை விடும்.

டாக்டரிடம் பாரத்தை எடுப்பது பற்றிப் பேசுங்கள், அதைத்தான் ஆஃப்லோடிங் என்பார்கள். கிருமியும் அடங்கி, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிற உள்ளங்கால் புண்ணுக்கு மிகச் சிறந்தது டோட்டல் கான்டாக்ட் காஸ்ட், அதாவது பாதத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே வரை போடுகிற கட்டு. பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பிரிந்துவிடும். வீக்கம் வடிவதால் முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்ற வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பழகிய கை போட வேண்டும், தவறாகப் போட்டால் கட்டே புது புண் உண்டாக்கும். பிளாஸ்டர் இல்லாவிட்டால் முழங்கால் வரை வருகிற வாக்கர் பூட் உண்டு. ஆனால் கழற்றக்கூடிய எதையும் அவர் கழற்றுவார். கழற்ற முடியாது என்பதுதான் பிளாஸ்டரின் பாதி மருந்து.

நெசவுத்தெரு | ஞாயிறு, இரவு 10:10

பிளாஸ்டரோடு எப்படி ஐயா மெத்தையில் நிற்பது? வேலை போய்விடும். சம்பளமும் நாள் கணக்குத்தான்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:35

சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்து, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று ஆக்கினார்கள். நாள் முழுக்க நிற்கிற ஜவுளிக்கடை, நகைக்கடை ஆட்களுக்காகத்தான் முக்கியமாகக் கொண்டுவந்தது.

கிரிவலம்77 | ஞாயிறு, இரவு 10:40

ஸ்டூல் இருக்கும் சார். அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்குச் சட்டத்தில் திருத்தம் இல்லை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:52

தெரியும், என் தம்பியும் கடையில்தான் நிற்கிறான். ஆனாலும் கேட்க ஒரு காகிதம் வேண்டுமே. டாக்டரிடம் "எட்டு வாரம் நிற்கக் கூடாது, உட்கார்ந்த வேலை தரலாம்" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "ஓய்வு தேவை" என்று எழுதினால் அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்த வேலை என்று எழுதினால் முதலாளி யோசிப்பார், முப்பது வருடப் பட்டு சேல்ஸ்மேனை யாரும் சும்மா விட மாட்டார்கள், அவருக்கென்றே வருகிற வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

கட்டுத்துணி | திங்கள், காலை 6:30

கண்ணு, அவர் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை எத்தனை வருடமாகப் போடுகிறார்? நீண்டகாலம் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனைதான், அடுத்த முறை கேள். இதனால் போன உணர்ச்சி எல்லாம் திரும்பிவிடும் என்று நினைக்காதே, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீயே வீட்டில் செய்யலாம். அவர் கண்ணை மூடிப் படுக்கட்டும். உன் ஆள்காட்டி விரலால் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், தட்டாமல், ஒரு நொடி தொடு. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. உங்கள் வீட்டில் இன்னும் யார் யாருக்குச் சுகர்? எல்லோருக்கும் செய்து பார். கருவி, காசு எதுவும் வேண்டாம்.

நெசவுத்தெரு | திங்கள், இரவு 9:15

அத்தைக்குச் செய்தேன். நான்கு தெரியவில்லை. அவருக்கு இதுவரை காலில் ஒன்றுமே வந்ததில்லை.

கட்டுத்துணி | திங்கள், இரவு 9:20

அவரைத்தான் இப்போது பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, பார்க்கச் சொல். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, இல்லை நீ செல்போனில் போட்டோ எடு. கழுவிய பிறகு விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, சேற்றுப்புண்ணில்தான் பல புண் ஆரம்பிக்கும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், இடுக்கில் வேண்டாம். மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றிவிடு, அதைச் சொன்னால் சண்டை வரும், பரவாயில்லை. செருப்பைப் போடும்முன் உதறிவிட்டு உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

நெசவுத்தெரு | ஒன்பது வாரம் கழித்து, சனி, இரவு 8:50

அப்பாவுக்குப் பிளாஸ்டர் போட்டு மொத்தம் ஆறு கட்டு மாற்றினார்கள். இரண்டாவது கட்டைப் பிரித்தபோதே ஓட்டை கடுகு அளவுக்கு வந்துவிட்டது, ஆறாவதைப் பிரித்தபோது தோல் மூடியிருந்தது. அதற்கு முன்னால் எத்தனை ஆயின்மென்ட் போட்டோம்! பிளாஸ்டரை அறுத்தபோது அப்பா பார்த்துவிட்டு "அதுக்குள்ள மருந்து ஏதும் வச்சிருந்தீங்களா" என்று டாக்டரிடமே கேட்டார்.

கடையில் காகிதத்தைக் கொடுத்தோம். முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு குடோனில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள், சம்பளத்தில் பிடித்தம் போக. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, பட்டு விரிக்காமல் கை அரிக்கிறது என்கிறார். அடுத்த மாதம் மெத்தைக்குத் திரும்புவேன் என்று நிற்கிறார்.

கட்டுத்துணி | சனி, இரவு 9:04

திரும்பட்டும், ஆனால் வெறுங்காலில் இல்லை. ஆறிய புண்ணில் பத்துக்கு நான்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது, பல நேரம் அதே இடத்தில். இனி அவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது காலைக் காட்ட வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும்.

தோல்_தையல் | சனி, இரவு 9:40

நான் எம்சிஆர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு தைக்கிறவன். தொழுநோயாளிகளுக்காக வேலூர், கரிகிரிப் பக்கம் ஆரம்பித்த ரப்பர்தான் இது, இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலும் சுகர்காரர்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மேல் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும், கீழ் சோல் ஆணி ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். மென்மை மட்டும் பார்த்து வாங்கினால் முள் நேராக ஏறிவிடும். ஆணி அடிக்கக் கூடாது, தைத்தோ ஒட்டியோ இருக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் வருகிற மாடல் வேண்டவே வேண்டாம். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம், மரத்த காலில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, ரோட்டில் தனியாகக் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தேடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதுசு போட்டால் முதல் நாள் அரை மணி நேரம், கழற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று பார், அப்புறம் நேரத்தைக் கூட்டு. ரப்பர் அமுங்கித் தட்டையானால் மாற்றிவிட வேண்டும், பார்க்கப் புதுசாக இருந்தாலும்.

நெசவுத்தெரு | சனி, இரவு 9:58

அண்ணா, கடையில் ஒன்று கேட்டு வைத்திருக்கிறோம். வெளியே போடுகிற செருப்பு மெத்தையில் ஏறக்கூடாது, ஆனால் மெத்தைக்கென்றே தனியாக, சுத்தமாக, வெள்ளையில் ஒன்று இருந்தால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். வெள்ளையில் தைப்பீர்களா? சாயம் புடவையில் ஒட்டக் கூடாது, அடியில் குண்டூசியும் ஏறக்கூடாது.

தோல்_தையல் | சனி, இரவு 10:12

தைக்கலாம், வெள்ளை ரெக்சின் இருக்கிறது, சாயம் போகாது. மெத்தையில் வழுக்காத சோலாகப் போட்டுவிடுகிறேன். பிளாஸ்டர் இருந்த காலும் இல்லாத காலும் இப்போது ஒரே அளவில் இருக்காது, அதனால் இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள். உட்கார்ந்தபடி வரையாதீர்கள், நிற்கும்போது வரையுங்கள், காலையில் வேண்டாம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்காலத்தில். புண் இருந்த இடத்தையும் அந்தக் காகிதத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் குறித்துவிடுங்கள், அங்கே உள்ளே குழி விட வேண்டும்.